கழுவினால் போகும் கறுப்பு

மெல்பர்னில் முன்பின் தெரியாத இருவரை வாக்குவாதத்தில் இறக்கிவிட வேண்டுமா? அரசியலை இழுக்க வேண்டியதில்லை. சேம் நியூமன் என்ற பெயரைச் சொன்னால் போதும். ஒருவர் சிரிப்பார், மற்றவர் முகம் சுளிப்பார். அதன்பின் இருவர் முன்னாலும் இருக்கும் காப்பி ஆறிப்போகும்.

நம் பக்கத்தில் காற்பந்து என்றால் பிரிமியர் லீக்தான் நினைவுக்கு வரும். மெல்பர்ன்வாசிகளுக்கு அது வேறு ஆட்டம். முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவத் திடல், பக்கத்துக்கு 18 பேர். பந்தை உதைக்கலாம், கையில் ஏந்தி ஓடலாம், முஷ்டியால் குத்திச் சக ஆட்டக்காரருக்கு அனுப்பலாம். செல்லமாக ‘ஃபுட்டி’ என்பார்கள். நான் அங்கு வேலை பார்த்தபோது முதல் வாரத்திலேயே எல்லாரும் கேட்ட கேள்வி, “நீ எந்தக் குழு?” என்பதுதான். எந்தக் குழுவும் இல்லை என்றால் பாவம் பார்த்துத் தங்கள் குழுவில் சேர்த்துக்கொள்வார்கள்.

நியூமன் ஆடியது ஜிலாங் குழுவுக்கு. 1964 முதல் 1980 வரை ஒரே குழு, 300 ஆட்டங்கள். நடுவர் பந்தை மேலே எழுப்பும்போது எகிறித் தன் ஆட்களுக்குத் தட்டிவிடும் நெட்டையரை ‘ரக்மன்’ என்பார்கள். அந்த இடத்தில் நியூமன் பேர்போனவர். குழுவின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை 1968லும் 1975லும் பெற்றார். கிண்ணம் மட்டும் கைக்கு எட்டவில்லை. ஜிலாங் 1963இல் வென்றது, அதற்கடுத்த வெற்றி 2007இல். அந்த நீண்ட வறட்சிக்குள் அவருடைய ஆட்ட வாழ்க்கை முழுவதும் அடங்கிவிட்டது.

அவருக்கு இரண்டாவது வாழ்க்கையைக் கொடுத்தது தொலைக்காட்சி. 1994இல் ஒன்பதாம் ஒளிவழியில் ‘தி ஃபுட்டி ஷோ’ தொடங்கியது. வியாழன் இரவுகளில் ஆட்ட அலசலும் அரட்டையும் கேலியும் கலந்த நிகழ்ச்சி. எட்டி மெக்குவயர் நெறியாளர், நியூமன் வம்புக்காரர். தெருவில் மைக்கோடு அலைந்து கண்ணில் பட்டவரிடம் வாயைக் கொடுப்பார். யாரையும் விட்டுவைக்க மாட்டார். வீடுகள்தோறும் மக்கள் அவருக்காகவே உட்கார்ந்து பார்த்தார்கள்.

1999இல் ஒரு நாள் நிக்கி வின்மார் என்ற ஆட்டக்காரர் நிகழ்ச்சிக்கு வருவதாக இருந்தது. அவர் வரவில்லை. அவருக்குப் பதிலாக நியூமன் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு வின்மாராகத் தோன்றினார்.

வின்மார் யார் என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். அவர் நூங்கார் பூர்வகுடியைச் சேர்ந்தவர். 1993 ஏப்ரல் 17ஆம் தேதி, காலிங்வுட் குழுவின் சொந்தத் திடலான விக்டோரியா பார்க்கில், செயின்ட் கில்டா குழுவுக்காக ஆடினார். எதிரணி ரசிகர்கள் ஆட்டம் முழுவதும் அவர் இனத்தைச் சொல்லித் திட்டினார்கள். செயின்ட் கில்டா வென்றது. ஆட்டம் முடிந்ததும் வின்மார் அந்தக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார், சட்டையைத் தூக்கினார், தன் வயிற்றுத் தோலை விரலால் சுட்டிக்காட்டினார். கறுப்பனாக இருப்பதில் எனக்குப் பெருமை என்று சொன்னார். அந்தப் படம் ஆஸ்திரேலிய விளையாட்டு வரலாற்றின் ஆகப் புகழ்பெற்ற படங்களுள் ஒன்றாகிவிட்டது.

அப்படித் தன் தோலைக் காட்டி நிமிர்ந்து நின்ற மனிதரின் தோலைத்தான், ஆறு ஆண்டுகள் கழித்து ஒருவர் சாயமாகப் பூசிக்கொண்டார்.

ரசிகர்கள் இதைப் பற்றி இன்றும் ஓயாமல் வாதிடுகிறார்கள். என் அலுவலகத்தில் நான் கேட்ட வாதங்களைத் தொகுத்தால் நான்கு தேறும்.

முதலாவது, “அது வேடம். நிஜ நியூமன் வேறு, திரையில் வரும் நியூமன் வேறு.” இரண்டாவது, “அவர் எல்லாரையும்தான் கிண்டல் செய்தார், குறிப்பிட்ட இனத்தை மட்டுமல்ல.” மூன்றாவது, “காலம் அப்படி. இன்றைய அளவுகோலால் அன்றைக்கு நடந்ததை அளக்கக்கூடாது.”

நான்காவதைச் சொன்னவர் ஜிலாங்கில் பிறந்து வளர்ந்த ஒரு மூத்த சக ஊழியர். “சின்ன வயதில் என் அப்பா கார்டினியா பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போய், அதோ பார் சேம் என்று கைகாட்டினார். அவரைத் தூக்கி எறி என்கிறாய். அப்படியானால் என் அப்பாவோடு கழித்த சனிக்கிழமைகளை என்ன செய்வது?” என்று கேட்டார்.

இந்த நான்காவது கேள்வி என்னை உண்மையிலேயே தடுமாற வைத்தது. நமக்கும் இது புதிதல்லவே. சிறுவயதில் கொண்டாடிய நடிகரும் பாடகரும் பின்னாளில் பேசிய பேச்சைக் கேட்டு எத்தனை வீடுகளில் அப்பாவும் பிள்ளையும் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள்! என் பதில் இதுதான். ஒரு மனிதருக்கு இரண்டு பேரேடுகள் இருக்கலாம். திடலில் அவர் எகிறித் தட்டிய பந்துகள் ஒன்றில். ஒலிவாங்கி முன் சொன்னதும் செய்ததும் மற்றதில். முதல் ஏட்டின் வரவை யாரும் அழிக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த வரவை எடுத்து இரண்டாவது ஏட்டின் கடனை அடைக்க முடியாது. அந்தச் சனிக்கிழமைகள் அவருக்கும் அவர் அப்பாவுக்கும் சொந்தம். நியூமனைக் குறை சொன்னால் அவை குறைந்துவிடாது.

காலம் அப்படி என்ற வாதத்துக்கு நாள்காட்டியே பதில் சொல்கிறது. ஆஸ்திரேலியக் காற்பந்து லீக் 1995லேயே இனரீதியாகப் பழிப்பதற்கு எதிரான விதியைக் கொண்டுவந்துவிட்டது. 1999இல் அந்த விதிக்கு நான்கு வயது. திடலில் ஆட்டக்காரர் வாயால் செய்யக்கூடாததை, அந்த ஆட்டத்தைப் பற்றிய நிகழ்ச்சியில் சாயத்தால் செய்வது சரியா என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

எல்லாரையும் கிண்டல் செய்தார் என்பது ஓரளவு உண்மை. 2008இல் கேரலைன் வில்சன் என்ற மூத்த காற்பந்துச் செய்தியாளரின் முகப்படத்தை உள்ளாடை அணிவித்த கடைப்பொம்மையில் ஒட்டி வேடிக்கை காட்டினார். ஆண்கள் நிறைந்த துறையில் எழுதிப் பேர் வாங்கிய பெண் அவர். ஆனால் இதைச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. வெள்ளை ஆண் ஒருவரைக் கிண்டல் செய்யும்போது அவருடைய மூக்கையோ ஆட்டத்தையோ கிண்டல் செய்வார்கள். வின்மாரிடம் எடுத்துக்கொண்டது அவர் இனத்தின் நிறத்தை, வில்சனிடம் எடுத்துக்கொண்டது பெண்ணின் உடலை. அடி எல்லார் மேலும் ஒரே மாதிரி விழவில்லை.

எஞ்சியிருப்பது வேடம் என்ற வாதம். ரசிகர்கள் இதற்கு ஒரு சாட்சியும் வைத்திருக்கிறார்கள். பாலி ஃபார்மர், ரக்மன்களுக்கெல்லாம் முன்னோடி, அவரும் நூங்கார் பூர்வகுடி. 1962 முதல் 1967 வரை ஜிலாங்குக்கு ஆடினார், 1973 முதல் 1975 வரை அதே குழுவுக்குப் பயிற்றுவிப்பாளராக இருந்தார். இளம் நியூமன் அவரோடு ஆடியவர், பின்னர் அவருக்குக் கீழ் ஆடியவர். “அவர் மனத்தில் இனவாதம் இருக்குமா?” என்கிறது ஒரு தரப்பு. “அதனால்தான் அவருக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும்” என்கிறது மறுதரப்பு.

ஒருவர் மனத்துக்குள் இறங்கிப் பார்க்கும் வித்தை எனக்குத் தெரியாது. அது தேவையும் இல்லை. நிகழ்ச்சி முடிந்ததும் நியூமன் சோப்புப் போட்டு முகத்தைக் கழுவியிருப்பார், வேடம் கலைந்திருக்கும். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பூர்வகுடிப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தவர்கள் இருந்திருந்தால், அந்தப் பிள்ளை எதைக் கழுவும்? 2019இல் சிங்கப்பூரில் ஒரு மின்கட்டண விளம்பரத்தில் சீன நடிகர் சருமத்தைக் கருமையாக்கி இந்தியராகத் தோன்றியபோது நம்மில் பலர் சொல்ல முடியாமல் விழுங்கியதும் இதைத்தான்.

2020இல் வேடம் என்ற வாதமும் பலவீனமானது. நியூமனும் வேறு இருவரும் பேசிய ஒரு வலையொளியில், 1993இல் வின்மார் சட்டையைத் தூக்கியது இனத்தைப் பற்றியதே அல்ல என்ற பேச்சு வந்தது. சாயம் இல்லை, நாடகம் இல்லை, நகைச்சுவை இல்லை. ஒரு மனிதரின் வாழ்க்கையின் ஆகப் பெரிய தருணத்துக்கு அவரிடமிருந்தே பொருளைப் பறிக்கும் பேச்சு அது. வின்மார் சட்ட நடவடிக்கையில் இறங்கினார். மூவரும் மன்னிப்புக் கேட்டார்கள். அதே ஆண்டில், ஜார்ஜ் ஃபிளாய்ட் பற்றிய கருத்துகள் கிளப்பிய சர்ச்சைக்குப் பிறகு, நியூமன் ஒன்பதாம் ஒளிவழியை விட்டு விலகினார். 2023இல், நிகழ்ச்சிகளின் தொடக்கத்தில் பூர்வகுடியினர் வழங்கும் வரவேற்புச் சடங்கின்போது கேலிக் கூச்சல் எழுப்புமாறு ரசிகர்களிடம் சொல்லி மறுபடியும் தலைப்புச் செய்தியானார்.

அவர் மனத்தில் பட்டதைத் துணிந்து பேசுகிறார் என்று இன்றும் அவரைக் கொண்டாடுவோர் உண்டு. பேசட்டும், அது அவர் உரிமை. ஆனால் துணிச்சல் என்ற சொல்லை நான் சிக்கனமாகவே செலவழிப்பேன். கைதட்டும் கூட்டத்தின் நடுவே ஒலிவாங்கியோடு நிற்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்? ஏசும் கூட்டத்தைப் பார்த்துத் தனியாகத் திரும்பி நிற்பதற்கு எவ்வளவு வேண்டும்?

பள்ளி விடுமுறைக்குப் பெர்த் போகிற குடும்பங்கள் நம்மில் நிறைய. அங்கே ஆப்டஸ் விளையாட்டரங்கத்துக்கு வெளியே, சட்டையைத் தூக்கித் தோலைச் சுட்டிக்காட்டும் வின்மாரின் சிலை 2019 முதல் நிற்கிறது. “இவர் ஏன் வயிற்றைக் காட்டுகிறார்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். ஐந்து நிமிடம் நின்று பதில் சொல்லிவிட்டு வாருங்கள்.