பொப்பிசை வெறும் துள்ளலா?

1967இல் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' இசைத்தட்டை இன்றும் உலகம் கொண்டாடுகிறது. எனக்கும் அது பிடிக்கும். ஆனால், அறுபதுகளின் இறுதியில் நம் நாட்டில் துளிர்த்த தமிழ்ப் பொப்பிசையை வெறும் துள்ளல் என்று ஒதுக்குவதை ஏற்க மாட்டேன்.

யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினத்தின் 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' பாடலைக் கேளுங்கள். கிட்டாரும் தாளமும் காலை ஆட வைக்கும். சொல்வதோ குடிக்காதே என்று. அதுவும் வீட்டில் பேசுகிற தமிழில்! சம்பள நாளில் கூலி தவறணையில் கரையும் எங்கள் வலப்பனைத் தோட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு எது?

குடித்துவிட்டு இதற்கே ஆடுகிறார்களே என்பார்கள். ஆடட்டும். மது ஒழிப்புக் கூட்டத்து நீண்ட உரைகளுக்கு அவர்கள் வருவதே இல்லையே! இந்தப் பாட்டையாவது ஒலிபெருக்கியில் போடுங்கள்.