கதவைத் தட்டும் கேப்டனுக்குக் கூலி யார் கொடுப்பது?

சிகாகோ நகரில் குளிர் காலம் மிகக் கடுமையாக இருக்கும். தெருவெல்லாம் பனி மூடிக் கிடக்கும். வீட்டை விட்டு வெளியே வர யாருக்கும் மனம் வராது. ஆனால் தேர்தல் வந்துவிட்டால் ஓர் ஆள் மட்டும் வந்து கதவைத் தட்டுவார்.

"அம்மா, சவுக்கியமா? பையன் எப்படி இருக்கிறான்? போன மாதம் தெரு விளக்கு எரியவில்லை என்றீர்களே, இப்போது எரிகிறதா? செவ்வாய்க்கிழமை மறக்காமல் வந்து ஓட்டுப் போட்டுவிடுங்கள்."

இவர்தான் கேப்டன். பட்டாளத்துக் கேப்டன் அல்ல. கட்சிக் கேப்டன்! சில நூறு ஓட்டர்கள் இருக்கும் ஒரு சிறு வட்டாரம் இவர் பொறுப்பில் இருக்கும். அந்த வட்டாரத்தில் யார் எந்தக் கட்சி, யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு வேலை இல்லை என்பதெல்லாம் இவருக்குத் தெரியும்.

இவர் ஏன் பனியில் நடக்கிறார்? இவருக்குக் கூலி கொடுப்பது யார்?

இது சின்னக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் ஓர் ஊர்க் கட்சியின் குணம் முழுவதும் இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

அட்டை இல்லாத கட்சி

அமெரிக்காவில் மாநிலங்களைக் 'கவுண்டி' என்று பிரித்திருக்கிறார்கள். நம் மாவட்டம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடு முழுவதும் 3,100-க்கு மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே அளவு அல்ல. டெக்சாஸ் மாநிலத்தில் லவ்விங் என்று ஒரு கவுண்டி. 2020-ல் எடுத்த குடிமதிப்பில் அங்கே இருந்தவர்கள் 64 பேர்தான்! நம் ஊரில் ஒரு கல்யாண வீட்டில்கூட அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். சிகாகோ நகரம் இருக்கும் குக் கவுண்டியிலோ 50 லட்சம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள்.

அங்கே இரண்டு பெரிய கட்சிகள். ஒன்று ஜனநாயகக் கட்சி, மற்றொன்று குடியரசுக் கட்சி. பெரும்பாலான கவுண்டிகளில் இரண்டுக்கும் அமைப்பு உண்டு. ஆனால் நாம் நினைப்பது போலச் சந்தா கட்டி, உறுப்பினர் அட்டை வாங்கிக் கட்சியில் சேருவது அங்கே வழக்கம் இல்லை. சிகாகோ இருக்கும் இல்லினாய்ஸ் மாநிலத்தில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க முதலில் ஒரு தேர்தல் நடக்கும். சாவடிக்குப் போய், "எனக்கு இந்தக் கட்சியின் ஓட்டுச் சீட்டைக் கொடுங்கள்" என்று கேட்டால் போதும். அன்றைக்கு நீங்கள் அந்தக் கட்சிக்காரர்!

குக் கவுண்டியின் ஜனநாயகக் கட்சியை எடுத்துக்கொள்வோம். சிகாகோவில் 50 வார்டுகள். நகரத்தைச் சுற்றி 30 புறநகர்ப் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கமிட்டிக்காரர். ஆக மொத்தம் 80 பேர். இவர்களை மேலிடம் நியமிப்பதில்லை. மக்களே நாலு வருஷத்துக்கு ஒரு முறை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த 80 பேரும் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். எந்தப் பதவிக்கு யாரைக் கட்சி ஆதரிப்பது என்பதையும் முடிவு செய்வார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 80 பேருக்கும் குரல் சமம் அல்ல. யாருடைய வார்டில் கட்சிக்கு அதிக ஓட்டு விழுந்ததோ அவருடைய கைக்கு அதிகக் கனம். அதனால் ஒவ்வொரு கமிட்டிக்காரரும் ஓட்டைக் கூட்டப் பார்ப்பார். ஓட்டைக் கூட்ட ஆள் வேண்டும். அந்த ஆள்தான் கேப்டன்.

உத்தியோகமே கூலி

ரிச்சர்டு டேலி என்று ஒருவர் இருந்தார். 1953 முதல் 1976-ல் சாகும்வரை கவுண்டிக் கட்சிக்குத் தலைவர் அவர்தான். 1955-ல் சிகாகோ மேயரும் ஆனார். கட்சியும் அவர் கையில், நகராட்சியும் அவர் கையில்! அவர் காலத்தில் கேப்டனுக்குக் கூலி மிகச் சுலபமாகக் கிடைத்தது. நகராட்சியிலோ கவுண்டி ஆபீசிலோ ஓர் உத்தியோகம். அவ்வளவுதான்.

வார்டுக் கமிட்டிக்காரர் சிபாரிசுக் கடிதம் கொடுப்பார். வேலை கிடைக்கும். பகலில் சர்க்கார் வேலை, மாலையில் கட்சி வேலை. வட்டாரத்தில் ஓட்டுக் குறைந்தால் உத்தியோகத்துக்கு ஆபத்து. இப்படிக் கட்சியின் கையில் இருந்த வேலைகள் முப்பதாயிரத்துக்கு மேல் என்று அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் கணக்குச் சொல்கிறார்கள்.

வேலை வாங்கியவர் சும்மா இருக்க முடியுமா? வார்டு விருந்துக்கு டிக்கெட் வாங்க வேண்டும். நாலு பேருக்கு விற்றுக் கொடுக்க வேண்டும். விருந்து மலரில் கடைக்காரர்களிடம் விளம்பரம் பிடிக்க வேண்டும். ஆக, மக்கள் கட்டிய வரிப்பணம் சம்பளமாகப் போய், சம்பளம் டிக்கெட்டாக மாறி, கட்சிப் பெட்டிக்குள் விழுந்தது.

பக்கத்து மாநிலமான இந்தியானாவில் இதைவிட நேரான வழி கண்டுபிடித்தார்கள். அங்கே 1933 முதல் மாநில சர்க்கார் ஊழியர்கள் சம்பளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைக் கட்சிக்குக் கொடுத்து வந்தார்கள். அது மட்டுமா? மோட்டார் வண்டி லைசென்சு கொடுக்கும் கிளை ஆபீசுகளே கட்சிக்காரர்கள் கையில் இருந்தன. எந்தக் கட்சிக்காரர் கவர்னரோ, அந்தக் கட்சியின் கவுண்டித் தலைவர்கள் அவற்றை நடத்துவார்கள். கட்டணத்தில் வந்த லாபமும் கட்சிப் பக்கம் போகும்! 1980-களின் பிற்பகுதியில்தான் சட்டம் போட்டு இதை நிறுத்தினார்கள். காருக்கு லைசென்சு வாங்கப் போன குடும்பஸ்தர், தான் ஒரு கட்சிக்கு நன்கொடை கொடுக்கிறோம் என்று கனவிலாவது நினைத்திருப்பாரா?

கோர்ட்டு குறுக்கே வந்தது

1969-ல் மைக்கேல் ஷாக்மன் என்ற வக்கீல் ஒரு தேர்தலில் சுயேச்சையாக நின்றார். தோற்றார். தோற்றவர்கள் வழக்கமாக வீட்டுக்குப் போவார்கள். இவர் கோர்ட்டுக்குப் போனார். "என்னை எதிர்த்து வேலை செய்தவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது சர்க்கார். அதில் நான் கட்டிய வரியும் இருக்கிறது. இது என்ன நியாயம்?" என்பதே அவருடைய வழக்கின் சாரம்.

1972-ல், கட்சி காரணமாக ஊழியரை வேலையை விட்டு நீக்குவதில்லை என்று ஏற்பாடு ஆயிற்று. 1983-ல், கட்சி பார்த்து வேலைக்கு எடுப்பதற்கும் தடை வந்தது. இடையில் 1976-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு தீர்ப்புச் சொன்னது. குக் கவுண்டியில் புதிய ஷெரீப் வந்ததும், எதிர்க்கட்சி என்பதற்காகப் பழைய ஊழியர்களை வெளியே அனுப்பினார்கள். கொள்கை வகுக்கும் பெரிய பதவிகள் தவிர மற்றவற்றில் இது கூடாது என்றது கோர்ட்டு. ஆனாலும் வழக்கம் லேசில் சாகவில்லை. சிகாகோ நகராட்சியைக் கோர்ட்டு தன் கண்காணிப்பிலிருந்து விட்டது 2014-ல்தான். வழக்குப் போட்டு 45 வருஷம் கழித்து!

சரி, உத்தியோகம் போயிற்று. கேப்டனுக்குக் கூலி?

இந்தக் கேள்விக்கு ஒரு கெட்ட பதில் 13-வது வார்டிலிருந்து வந்தது. அந்த வார்டின் கமிட்டிக்காரராக இருந்தவர் மைக்கேல் மேடிகன். 1969 முதல் வார்டு அவர் கையில் இருந்தது. மாநிலச் சட்டசபையில் 36 வருஷம் சபாநாயகர். மின்சாரக் கம்பெனி ஒன்று அவருடைய தயவு வேண்டி, அவருடைய ஆட்களுக்கு இடைத் தரகர்கள் மூலம் பணம் கொடுத்தது. அவர்களில் சிலர் அவர் வார்டுக் கேப்டன்கள். கம்பெனிக்கு அவர்கள் செய்த வேலை? ஒன்றும் இல்லை, அல்லது ஒன்றும் இல்லை என்று சொல்லும் அளவு! 2020-ல் கம்பெனி தவறை ஒப்புக்கொண்டு 20 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. 2025 பிப்ரவரியில், மேடிகன் மீது இருந்த 23 குற்றச்சாட்டுகளில் 10-ல் அவர் குற்றவாளி என்று ஜூரிகள் சொன்னார்கள். மற்றவற்றில் சிலவற்றில் விடுதலை. சிலவற்றில் ஜூரிகளுக்குள் ஒற்றுமை ஏற்படவில்லை. ஜூன் மாதம் ஏழரை ஆண்டுச் சிறையும் 25 லட்சம் டாலர் அபராதமும் விதித்தார்கள்.

நான் இதைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான். முன்பு வரி கட்டியவன் கேப்டனுக்குக் கூலி கொடுத்தான். பிறகு மின்சார விளக்குப் போட்டவன் கொடுத்தான். இரண்டு முறையும் அவனை யாரும் கேட்கவில்லை.

விருந்தும் வேட்பாளரும்

எல்லாக் கவுண்டியும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான இடங்களில் கவுண்டிக் கட்சி என்பது ஏழைக் குடும்பம்தான். ஒரு தலைவர், ஒரு காரியதரிசி, ஒரு பொருளாளர். யாருக்கும் சம்பளம் இருக்காது. தேர்தல் சமயத்தில் ஒரு கடையை வாடகைக்குப் பிடித்து ஆபீசு போடுவார்கள். ஆண்டுக்கு ஒரு பெரிய விருந்து. குடியரசுக் கட்சிக்காரர்கள் அதற்கு லிங்கன் பெயரை வைப்பார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஜெபர்சன், ஜாக்சன் என்ற இரண்டு ஜனாதிபதிகளின் பெயரை வைத்திருந்தார்கள். அந்த இருவரும் அடிமைகளை வைத்திருந்தவர்கள் என்பதால் 2015-க்குப் பிறகு பல இடங்களில் அந்தப் பெயரை மாற்றிவிட்டார்கள். விருந்தில் போடும் கோழியை 'ரப்பர் கோழி' என்று அமெரிக்கர்களே கேலி செய்வார்கள். ருசிக்காக யாரும் போவதில்லை. டிக்கெட் பணத்தில்தான் வாடகையும், தபால் செலவும், நோட்டீசு அச்சடிக்கும் கூலியும் நடக்கின்றன.

இந்த விருந்துப் பணம் எனக்குப் பிடிக்கிறது. கொடுப்பவனுக்குத் தான் கொடுப்பது தெரியும். பிடிக்கவில்லையென்றால் அடுத்த வருஷம் கொடுக்கமாட்டான்.

பிடிக்காத பணம் ஒன்று இருக்கிறது. குக் கவுண்டியில் நீதிபதிகளும் தேர்தலில் நின்றுதான் வருகிறார்கள். கட்சியின் ஆதரவு கிடைத்த வேட்பாளர், பிரசாரச் செலவில் தம் பங்காகக் கட்சிக்குப் பணம் கொடுக்கவேண்டும். பத்தாயிரக் கணக்கான டாலர்! இது சட்ட விரோதம் அல்ல. எல்லாருடைய பெயரையும் சேர்த்துத்தான் நோட்டீசு அடிக்கிறோம், செலவைப் பங்கு போட்டால் என்ன என்று கட்சி கேட்கிறது. கணக்கு சரிதான். ஆனால் கையில் பணம் இல்லாத கெட்டிக்கார வக்கீல் என்ன செய்வார்? நாளைக்கு உங்கள் வழக்கை விசாரிக்கப்போகிற நீதிபதி, நேற்றுக் கட்சி ஆபீசில் ரசீது வாங்கியவர் என்றால் உங்கள் மனம் எப்படி இருக்கும்?

வீட்டு வரி விஷயம் இதைவிடக் கசப்பானது. ஜோசப் பெரியாஸ் என்பவர் 2007 முதல் 2018 வரை கவுண்டிக் கட்சித் தலைவர். 2010-லிருந்து வீடுகளுக்கு மதிப்புப் போடும் அதிகாரியும் அவரே. மதிப்பைக் குறைக்கச் சொல்லி வாதாடும் வக்கீல்கள் அவருடைய தேர்தல் நிதிக்கு நன்கொடை கொடுத்தார்கள். ஏழைகள் வாழும் பகுதியில் சின்ன வீட்டுக்கு அதிக மதிப்பும், பணக்காரர் பகுதியில் பெரிய வீட்டுக்குக் குறைந்த மதிப்பும் விழுகின்றன என்று 2017-ல் பத்திரிகைகள் கணக்குப் போட்டு வெளியிட்டன. மறு வருஷம் மார்ச் மாதம், சொந்தக் கட்சி ஓட்டர்களே அவரைத் தோற்கடித்தார்கள். அவருக்குப் பின் டோனி பிரெக்விங்கிள் கட்சித் தலைவர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவர்.

அவரைத் தோற்கடிக்க ஓட்டர்களுக்கு உதவியது எது? யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற பட்டியல்! இல்லினாய்ஸ் சட்டப்படி 1,000 டாலரோ அதற்கு மேலோ நன்கொடை வந்தால், ஐந்து வேலை நாளுக்குள் தேர்தல் போர்டுக்குச் சொல்லிவிடவேண்டும். தேர்தலுக்கு முந்தின 30 நாளில் வந்தால் இரண்டே வேலை நாள்தான் தவணை. கொடுத்தவர் பெயர், விலாசம், தொகை எல்லாவற்றையும் யாரும் பார்க்கலாம். காசு கொடுக்கவேண்டியதில்லை.

கட்சி நடத்தப் பணம் வேண்டாம் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஆபீசுக்கு வாடகை உண்டு. கேப்டனுக்குக் காப்பியாவது வேண்டாமா? தெருவில் இருப்பவர்கள் ஆளுக்குப் பத்து டாலர் போட்டு வாங்கித் தராவிட்டால், அந்தக் காப்பியை வாங்கித் தர வேறு ஆள் எப்போதும் தயாராக இருக்கிறான். 13-வது வார்டில் அப்படித்தான் ஒரு மின்சாரக் கம்பெனி வந்து நின்றது.