ஊதா நிறம் சொன்ன இரகசியம்

கணினித் திரையில் நீல நிறத்தில் அடிக்கோடிட்டு நிற்கும் சொற்களை வாசகர்கள் அறிவார்கள். அவற்றை அழுத்தினால் வேறொரு பக்கம் திறக்கும். பார்த்துவிட்டுத் திரும்பினால் அதே சொல் ஊதாவாக மாறியிருக்கும். ஏற்கெனவே போய்வந்த இடம் இது என்று நினைவூட்டும் நல்லேற்பாடு.

இணையப் பக்கங்களுக்கு ஒப்பனை செய்யும் சி.எஸ்.எஸ். மொழி 1996 இறுதியில் வெளிவந்தபோது, இணைப்பின் ஒவ்வொரு நிலைக்கும் தனி வண்ணம் தீட்ட வழி செய்தது. பார்க்காதது லிங்க், பார்த்தது விசிட்டட், அழுத்தும் கணம் ஆக்டிவ். மவுஸ் அம்பு மேலே நிற்கும் ஹோவர் நிலை 1998-இல் சேர்ந்தது. (பக்கம் அமைக்கப் பயிலும் பிள்ளைகள் லிங்க், விசிட்டட், ஹோவர், ஆக்டிவ் என்ற வரிசையிலேயே விதிகளை எழுதுவது நலம். சம வலிமையுள்ள விதிகளில் பின்னால் வருவதே வெல்லும். ஹோவரை முன்னால் எழுதிவிட்டால், பார்த்த இணைப்பின்மேல் அம்பை வைத்தாலும் நிறம் மாறாது.)

இந்த ஊதாவில்தான் வினை இருந்தது. ஒரு பக்கம் பல்லாயிரம் முகவரிகளைக் கண்ணுக்குப் படாமல் ஒளித்து வைத்து, "இவற்றின் நிறம் என்ன?" என்று உலாவியைக் கேட்கலாம். உலாவியும் கள்ளமின்றி உண்மையைச் சொல்லிவிடும். நாம் எங்கெல்லாம் சென்றுவந்தோம் என்பது முன்பின் அறியாதவன் கைக்குப் போய்விடும்!

இது வெறும் கற்பனையன்று. அமெரிக்காவில் எபிக் மார்க்கெட்பிளேஸ் என்னும் விளம்பர நிறுவனம் 54,000-க்கும் மேற்பட்ட தளங்களைப் பற்றி இவ்வாறு துருவியதாக அரசின் வணிக ஆணையம் குற்றம் சாட்டிற்று. பிள்ளைப்பேறின்மை, மாதவிடாய் நிற்றல், கடன் தொல்லை, திவால் ஆகியன பற்றிய பக்கங்களும் அவற்றுள் அடங்கும். உடன்பிறந்தாரிடமும் சொல்லத் தயங்கும் செய்திகள் அல்லவா அவை? 2012 டிசம்பரில் அந்நிறுவனம் இச்செயலைக் கைவிட உடன்பட்டது.

மோசில்லாவின் டேவிட் பாரன் 2010-இல் மாற்று வழி வகுத்தார். நிறம் கேட்கும் பக்கத்திற்கு, "பார்க்கவில்லை" என்றே உலாவி விடை கூறும். பார்த்த இணைப்பில் வண்ணங்களைத் தவிர வேறெதையும் மாற்றவும் இயலாது. அப்போதும் சில சந்துகள் எஞ்சியிருந்தன. 2025-இல் வந்த குரோம் 136, ஒரு தளத்திலிருந்து நாம் அழுத்திச் சென்றதை மற்றத் தளங்களில் ஊதாவாகக் காட்டுவதையே நிறுத்திற்று. பழைய உலாவியை வைத்திருப்போர் புதுப்பித்துக் கொள்ளட்டும்.

வீட்டார் அனைவருக்கும் ஒரே கணினி என்றால், அடுத்து அமர்பவர் கண்ணுக்கு ஊதா தெரியத்தான் செய்யும். உலாவியில் வரலாற்றை அழித்தால் அது மீண்டும் நீலமாகிவிடும்.