டி டிரைவில் இருப்பது நகல் ஆகாது

"போட்டோ எல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு சார்." புதுச்சேரியில் என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் இதே பதில். அந்தப் "பத்திரமா" என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. ஒரே பெட்டிக்குள் ஒரே ஒரு பிரதியாக இருக்கும் படம் பத்திரமாக இல்லை. இன்னும் தொலையவில்லை, அவ்வளவுதான்.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க ஆபீசில் பதிவேடுகளோடு குப்பை கொட்டியவன் நான். நகல் இல்லாத காகிதத்துக்கு ஆயுள் கிடையாது என்பது குமாஸ்தாவின் முதல் பாடம்.

பிரெஞ்சுக்காரர்கள் மேல் ஆயிரம் குறை சொல்லலாம். இந்த விஷயத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள். பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் 'எத்தா சிவில்' பதிவேட்டில் இரண்டு பிரதியாக எழுதுவார்கள். ஒன்று மேரியில், மற்றொன்று நீதிமன்றத்தில். காலனிகளுக்கு அதுவும் போதாது என்று 1776-இல் அரசாணை போட்டு, ஒரு பிரதியைக் கப்பலேற்றிப் பிரான்சுக்கே அனுப்ப வைத்தார்கள். நம் பாட்டன் பூட்டன் காலத்துப் புதுச்சேரிப் பதிவுகளை இன்றும் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் பார்க்க முடிவது அதனால்தான்.

ஆனால் பாரிசில் அவர்களே கோட்டை விட்டார்கள். 1871 மே மாதம், கம்யூன் கலவரத்தில் பதிவேடுகள் இருந்த நகராட்சிக் கட்டடமும் நீதிமன்றமும் தீக்கிரையாயின. 1860-க்கு முந்தைய பாரிஸ் பதிவேடுகளின் இரண்டு பிரதிகளும் சாம்பல். குடும்பங்கள் கையில் இருந்த காகிதங்களை வாங்கி, பல வருஷம் உழைத்து, ஒரு பகுதியைத்தான் மீட்க முடிந்தது. இரண்டு பிரதி இருந்தும் ஒரே ஊரில் இருந்ததால் வந்த வினை.

இப்போது நம் வீட்டுக்கு வாருங்கள். "சி டிரைவிலிருந்து டி டிரைவுக்குக் காப்பி பண்ணிட்டேன்" என்கிறார் ஒரு நண்பர். பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள்தான். கூரை விழுந்தால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் விழும். இன்னொருவர் தனி ஹார்டு டிஸ்க் வாங்கினார், நல்லது. அதை வைத்ததோ கம்ப்யூட்டர் மேசையின் கீழ் டிராயரில். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் கிட்டத்தட்ட 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியதே, அப்போது தண்ணீர் கம்ப்யூட்டர் வேறு, டிராயர் வேறு என்று பார்த்தா வீட்டுக்குள் நுழைந்தது?

"வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கேன்" என்பவர்களுக்கு: சாதாரணமாக அனுப்பும் படத்தை அது சுருக்கித்தான் அனுப்புகிறது. பெரிதாக்கி பிரிண்ட் போட்டால் முகம் மங்கும்.

"கூகுள் பார்த்துக்கும்" என்பவர்களுக்கு: கூகுளில் படம் வைப்பது தப்பில்லை. ஆனால் போனில் அழித்தால் அங்கேயும் அழியலாம். இரண்டு வருஷம் யாரும் திறக்காத கணக்கை நீக்கிவிடலாம் என்பது அவர்களே வைத்திருக்கும் விதி. நாம் கண்ணை மூடிய பிறகு பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?

"இதையெல்லாம் யார் சார் பார்க்கப் போறாங்க?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பதிவேட்டையும் தினமும் யாரும் புரட்டுவதில்லை. தேவைப்படும் அன்றைக்கு அது இருக்க வேண்டும். என் வீட்டுக்காரி போய் ஆறு வருஷம் ஆகிறது. அவள் கடைசிப் பத்து வருஷத்துப் படம் ஒன்றுகூடக் காகிதத்தில் இல்லை. பேரனுக்கு அவன் பாட்டி என்றால் அந்தப் படங்கள்தான்.

செலவு பெரிதில்லை. படம் ஒன்று நான்கு மெகாபைட் என்றால், ஒரு டெராபைட் டிஸ்க்கில் சுமார் இரண்டரை லட்சம் படம் கொள்ளும். இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று வீட்டில், மற்றொன்று வெளியூரில். என்னுடையது விழுப்புரத்தில் தங்கை வீட்டு பீரோவில் இருக்கிறது, அவளுடையது என் பீரோவில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதுப் படங்களை ஏற்றி, நாலைந்தைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறோம். பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு உறையில் போட்டு வையுங்கள்.

பிரெஞ்சில் பேக்கப்புக்கு 'சோவ்கார்து' என்று பெயர். பாதுகாவல் என்று அர்த்தம். அந்தக் காவலைப் பிள்ளைகள் லீவில் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்காருங்கள்.