உப்புக் காற்றுக்கு ஏற்ற தூம்பு

பழவேற்காடு ஏரியோர மீனவக் குப்பங்களிலும் பக்கத்துத் திருப்பாலைவனத்திலும் ஓடு, தகரம், சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டுக்கு மழைநீர்த் தூம்பு வாங்கும்போது விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அந்த வீட்டின் மேல் ஆண்டு முழுக்க வீசுவது உப்புக் காற்று. அதை எந்தப் பொருள் தாங்கும் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. மலிவாகக் கிடைக்கும் ஜி.ஐ. தகட்டையே எடுத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 120 கிராம் துத்தநாகம் பூசிய தகட்டில், ஒரு பக்கத்துப் பூச்சு ஏறத்தாழ 8 மைக்ரான்தான். உப்பு மிகுந்த கடலோரத்தில் துத்தநாகம் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை தேயும் என்கிறது ஐ.எஸ்.ஓ. 9223 தரநிலை. அப்படியானால் இரண்டு ஆண்டுகளுக்குள் பூச்சு போய் இரும்பு வெளியே தெரியும். தூம்பின் உள்பக்கம் நிலைமை இன்னும் மோசம். மட்கிய இலையும் உப்புத் தூசியும் ஈரத்தோடு அங்கேயே தங்குவதால் அரிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

இந்த ஊர்களுக்கு என் பரிந்துரை, 110 மி.மீ. பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பாதியாக அறுத்து மாட்டுவதுதான். உப்பு அதை ஒன்றும் செய்யாது. உள்ளூர் பிளம்பரே செய்துவிடலாம். குழாயில் ‘டைப் பி’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். மழைநீருக்கென்று விற்கும் ‘டைப் ஏ’ மெல்லியது, அறுத்த பிறகு நெளியும். வெயிலில் பி.வி.சி. நொறுங்கிவிடுமே என்பார்கள். உண்மைதான், பல ஆண்டு வெயில் பட்டால் நொறுங்கும். ஆனால் வெளிப்பக்கம் வெள்ளை பெயின்ட் அடித்தால் அதன் ஆயுள் கூடும்; உடைந்தாலும் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும். அலுமினியமும் நல்லதுதான், ஆனால் இரும்புத் திருகு போட்டு இறுக்கினால் உப்பு ஈரத்தில் திருகைச் சுற்றியே அரித்துவிடும். எந்தத் தூம்பானாலும் கிளாம்பும் திருகும் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். பணத்தை மிச்சம்பிடிக்கக் கூடாத இடம் இதுதான்.

புயல் வந்தால் எல்லாம் பறந்துவிடும், பிறகு எதற்குச் செலவு என்ற கேள்வியும் நியாயமானது. 2016 டிசம்பர் 12-இல் கரையேறிய வர்தாவையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாமையும் பார்த்த கரை இது. ஆனால் காற்று தூம்பைப் பிய்ப்பது பெரும்பாலும் கிளாம்பு துருப்பிடித்திருக்கும்போதும், கிளாம்புகளுக்கு இடையே நான்கைந்து அடி இடைவெளி விட்டிருக்கும்போதும்தான். இரண்டு அடிக்கு ஒரு கிளாம்பு போட்டு, அதை ஷீட்டில் அல்லாமல் மரச் சட்டத்தில் இறுக்கினால் பிடிமானம் வேறு. பத்து அடிக்கு ஓர் அங்குலம் சரிவும் வேண்டும். இல்லாவிட்டால் தேங்கும் தண்ணீரின் எடையே தூம்பை இழுத்துவிடும்.

லாரித் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் வருகிறதே, கூரை நீர் எதற்கு என்பார்கள் சிலர். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்தது பல பத்தாண்டுகளாகப் பதிவான செய்தி. அதே வட்டாரத்துக் காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய ஆலை, கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுத்துச் சென்னைக்கு அனுப்பும் திறனோடு அமைந்தது. அத்தனை செலவில் பிரித்தெடுக்கும் நன்னீர், ஐப்பசி கார்த்திகையில் கூரை மேலேயே வந்து விழுகிறது. 20 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர்; ஒரே இரவில் தொட்டி நிரம்பிவிடும். மிஞ்சுவதைச் சுவரிலிருந்து தள்ளி மணற்குழியில் இறக்கினால், நன்னீர் எடை குறைவானதால் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். தூம்பு இல்லாத வீட்டில் அதே தண்ணீர் சுவரடி மணலைப் பறித்து அஸ்திவாரத்தை வெளியே காட்டும். எச்சமும் தூசியும் கலக்கும் என்ற அச்சத்துக்கு வழி, முதல் மழையைத் தொட்டியில் விடாமல் வெளியேற்றுவது. சிமெண்ட் ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் அந்தக் கூரை நீரைக் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் வைத்துக்கொண்டு, குடிக்கத் தவிர்க்கலாம்.

மழைநீர் சேகரிப்பு தமிழகத்தில் 2003 முதலே கட்டாயம். தூம்பு துருப்பிடித்து ஓட்டையானால் அந்தச் சட்டமும் காகிதத்தோடு நிற்கும். அரசு வீட்டுத் திட்டங்களில் கடலோர ஒன்றியங்களுக்குப் போடும் மதிப்பீட்டில் பி.வி.சி. தூம்பும் துருப்பிடிக்காத கிளாம்பும் தனி இனமாக இடம்பெற வேண்டும். மாவட்ட நிர்வாகம் அதை அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே செய்ய வேண்டும்.