மாமியின் கேள்வி

"ஸ்கானில்தான் கட்டி தெரிந்துவிட்டதே, இன்னும் எத்தனை படம்தான் எடுப்பார்களோ!" என்று எதிர் வீட்டு மாமி அங்கலாய்த்தாள். அவள் கணவருக்குக் கல்லீரலில் புற்றுநோய். ஆபரேஷன் தேதியோ தள்ளிக்கொண்டே போகிறது. தவிப்பு இராதா?

சங்கதி இதுதான். நல்ல கல்லீரலுக்கு முக்கால் பங்கு ரத்தம் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகக் கிடைக்கிறது. புற்றுக் கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தையே உறிஞ்சும். ஆகவே, கையில் மருந்தை ஏற்றி ஸி.டி. ஸ்கான் எடுத்தால், சுமார் 30 விநாடியில் கட்டி பளிச்சென்று தெரியும். இரண்டொரு நிமிஷத்தில் மங்கிவிடும். சிரோஸிஸ் உள்ளவரிடம் இது தெளிவாகத் தெரிந்தால், பெரும்பாலும் சதையைக் கிள்ளிச் சோதிக்காமலே நோயை நிச்சயிக்கலாம்.

அதோடு முடிந்ததா? 1957-ல் பிரெஞ்சு சர்ஜன் குயினோ கல்லீரலை 8 பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார். கட்டி எந்தப் பகுதியில், எந்த ரத்தக் குழாயை ஒட்டி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெட்டியபின் எவ்வளவு மிஞ்சும் என்றும் கணக்கிட வேண்டும். ஆரோக்கியமான ஈரல் கால் பங்கு மிஞ்சினாலும் சமாளிக்கும். சிரோஸிஸ் கண்ட ஈரலுக்குச் சுமார் 40 சதவிகிதமாவது வேண்டும்.

மாமியின் கணவருக்கு இடிப்பது இங்கேதான். மிஞ்சுவது போதாது. அதனால் கட்டியுள்ள பக்கத்துப் போர்ட்டல் கிளையை அடைத்துவிட்டு, மறு பக்கம் வளரக் காத்திருக்கிறார்கள். சில வாரம் கழித்து மறுபடியும் படம். வளர்ந்திருந்தால் கத்தி, இல்லையேல் வேறு சிகிச்சை.

"இதை டாக்டர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதோ?" என்றாள் மாமி.

எனக்குப் பதில் தெரியவில்லை.