கண்ணாடியில் மிதக்கும் எண்!
காரோட்டியின் கண்ணைக் காக்குமா, கட்டுமா?

தென்னேரி ஏரி நிரம்பியிருக்கும்போது கரையில் நின்று பாருங்கள். பனைமரம் தண்ணீருக்குள்ளும் தெரியும். மரம் எவ்வளவு உயரமோ, அவ்வளவு ஆழத்தில் நிற்பதுபோல் இருக்கும். உண்மையில் அங்கே மரம் இல்லை. நீரில் பட்டுத் திரும்பிய ஒளி கண்ணை ஏமாற்றுகிறது.

இதே வித்தை இப்போது மோட்டார் கார்களில் புகுந்துவிட்டது!

காரின் முன் கண்ணாடிக்கு வெளியே, சாலைக்கு மேலே, "60" என்று ஓர் எண் மிதக்கிறது. அதுதான் காரின் வேகம். ஓட்டுகிறவர் குனிந்து முள்ளைப் பார்க்க வேண்டியதில்லை. இதற்கு "ஹெட் அப் டிஸ்பிளே" என்று பெயர். தலை நிமிர்ந்தபடியே பார்க்கும் படம் என்று பொருள்.

குனிந்தால் என்ன?

ஒரு விநாடி குனிந்து பார்ப்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு விநாடியில் 20 மீட்டர் ஓடிவிடும். மூன்று பட்டுப் புடவைகளை நீளவாக்கில் விரித்தாலும் இவ்வளவு நீளம் வராது. அத்தனை தூரம் பார்க்காமலே ஓட்டுகிறார் என்று அர்த்தம்!

தென்னேரியிலிருந்து அதிக தூரத்தில் இல்லை ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும். கார்த் தொழிற்சாலைகள் நிறைந்த இடங்கள். புதுக் கார்களும் லாரிகளும் கம்பெனி பஸ்களும் பறக்கும் இந்தப் பக்கத்துச் சாலைகளில்தான் சைக்கிளும் போகிறது. மாடும் குறுக்கே வருகிறது. இங்கே 20 மீட்டர் சின்ன விஷயமல்ல.

குனிந்து நிமிர்வது மட்டுமல்ல. பக்கத்தில் இருப்பதைப் பார்த்த கண், தூரத்தில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்கச் சிறிது நேரம் பிடிக்கும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது இன்னும் சிரமம். குழித்தறியில் உட்கார்ந்த நெசவாளி, காலால் மிதிக்கும் கட்டையை ஒவ்வொரு தடவையும் குனிந்தா பார்க்கிறார்? கண் துணியில் இருக்கிறது. காரோட்டியின் கண்ணும் அப்படிச் சாலையிலேயே இருக்கட்டும் என்பதுதான் ஏற்பாடு.

எப்படித் தெரிகிறது?

ஸ்டியரிங்குக்கு முன்னால் பலகைக்குள் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதில் சிறிய திரையும், பின்னாலிருந்து ஒளி வீசும் விளக்கும் உண்டு. திரையில் எழும் எண்ணை, உள்ளே குழிந்த ஒரு கண்ணாடி பெரிதாக்கி மேலே அனுப்புகிறது. அது கார்க் கண்ணாடியில் பட்டுக் கண்ணுக்கு வருகிறது. பார்க்கிறவருக்கு எண் கண்ணாடியில் ஒட்டியிருப்பதாகத் தோன்றாது. இரண்டு மீட்டருக்கும் அப்பால், வெளியே நிற்பதாகத் தோன்றும்.

இதில் ஒரு சங்கடம். கார்க் கண்ணாடி ஒன்றல்ல. இரண்டு கண்ணாடிகள், நடுவே பிளாஸ்டிக் ஏடு. உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒளியைத் திருப்பும். எண் இரண்டிரண்டாகத் தெரியும்! அதனால் அந்த ஏட்டை ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் செய்து, இரு பிம்பங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறார்கள். கல் பட்டு உடைந்தபின் சாதாரணக் கண்ணாடி போட்டுவிட்டால் மறுபடியும் இரட்டை எண்தான்.

இத்தனை செலவு வேண்டாமென்று, பலகைமேல் உள்ளங்கை அளவு தனிக் கண்ணாடி வைப்பதும் உண்டு. 2022-ல் வந்த மாருதி பலேனோவின் உயர்ந்த விலை மாடலில் இருப்பது இந்த வகை.

விமானத்திலிருந்து வந்தது

வித்தை புதிதல்ல. இரண்டாம் உலகப் போரிலேயே போர் விமானிகள் இவ்விதக் கண்ணாடி வழியாகக் குறி பார்த்தார்கள். 1988-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி இதைக் காரில் வைத்தது. நம் நாட்டு தேஜஸ் போர் விமானத்துக்கு இந்தக் கருவியைச் சண்டிகரிலுள்ள அரசு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. 2018-ல் கோவையை அடுத்த சூலூருக்கு தேஜஸ் படை வந்தபோது இதுவும் கூடவே வந்தது.

ஆபத்தும் உண்டு!

கண் சாலைமேல் இருந்தால் மனமும் சாலைமேல் இருக்குமா? இங்கேதான் சிக்கல்.

1980-ல் வெளியான நாசா ஆராய்ச்சி ஒன்று இதைக் காட்டியது. நிஜ விமானம் அல்ல. தரையிலுள்ள பயிற்சிக் கருவி. விமானிகள் இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்து இறங்க வேண்டும். இறங்கும் பாதையில் வேறொரு விமானம் நிற்பதாகக் காட்டினார்கள். மிதக்கும் எண்களிலேயே மனதை வைத்திருந்த சிலர், எதிரே நின்ற அத்தனை பெரிய விமானத்தைக் கவனிக்கவே இல்லை!

விமானத்தையே தவறவிட்டவர் உண்டென்றால், சைக்கிள்காரர் எம்மாத்திரம்?

வேகம் ஒன்றை மட்டும் காட்டினால் பாதகமில்லை. ஆனால் கம்பெனிகள் அதோடு நிற்கவில்லை. யார் போன் செய்கிறார், எந்தப் பாட்டு ஓடுகிறது என்பதையும் சில கார்கள் கண்ணாடியில் ஏற்றுகின்றன. 2024 நவம்பரில் சென்னையில் மகிந்திரா வெளியிட்ட எக்ஸ்.இ.வி. 9இ மின்சாரக் காரில், திரும்ப வேண்டிய வழியை அம்புக்குறி சாலைமேலேயே கிடப்பதுபோல் காட்டும் ஏற்பாடு உண்டு. வழி தெரியாத ஊரில் அது உதவும். பாட்டின் பெயர் யாருக்கு உதவும்?

பல கார்களில் வேண்டாததை நிறுத்திவிடலாம். படத்தின் உயரத்தையும் மாற்றலாம். கணவர் ஓட்டிய காரில் மனைவி உட்கார்ந்தால், சில சமயம் எண் பாதிதான் தெரியும். உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். போலராய்டு குளிர்கண்ணாடி அணிந்தால் எண் மங்கிவிடும்; சில சமயம் மறைந்தே போகும். கருவி கெட்டுவிட்டதென்று அப்போது மெக்கானிக்கைத் தேடி ஓட வேண்டாம். குளிர்கண்ணாடியைக் கழற்றினால் போதும்.